ஜோப்பில் போட ஒரு குட்டி யோயோ: எந்த அளவு, எந்தக் கனம்?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணா, தினமும் கோபியில இருந்து குன்னத்தூர் வழியா திருப்பூருக்குப் பஸ்ல வந்து போறனுங்க. எங்கிட்ட 56 மி.மீ. அலுமினிய யோயோ ஒண்ணு இருக்குதுங்க. நல்லாத்தான் சுத்துது. ஆனா பேண்ட் ஜோப்புல போட்டா புடைச்சுக்கிட்டு நிக்குது, உட்கார்ந்தா தொடையில அழுத்துது. 35 மி.மீ.ல குட்டியா ஒண்ணு பார்த்தேன். வாங்கலாமுங்களா? அதுல எல்லா வித்தையும் வருமுங்களா? பேரிங், நூல் எல்லாம் நம்ம பக்கம் கிடைக்குமுங்களா?”

35 வேண்டாம் தம்பி. 46-லிருந்து 50 மி.மீ.க்குள் விட்டம், 38 மி.மீ.க்கு மேல் போகாத அகலம், 60 கிராமுக்குக் குறையாத எடை. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துத் தேடுங்கள். ஏன் இந்த எண்கள் என்று விளக்கமாகச் சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால், நான் பார்த்தே இராத ஒரு யோயோவைக்கூட நீங்களே எடைபோட்டு முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் ஜோப்பு. யோயோ ஜோப்பில் புடைப்பதற்கு விட்டம் காரணம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அகலம்தான் காரணம். யோயோவை ஜோப்பில் போட்டால் அது தட்டையாகப் படுத்துக்கொள்ளும், வட்ட முகம் தொடையைப் பார்த்தபடி இருக்கும். அப்போது வெளியே தள்ளிக்கொண்டு நிற்பது, ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை உள்ள தூரம். அதைத்தான் அகலம் என்கிறோம். இன்றைக்கு வரும் முழு அளவு யோயோக்களின் விட்டம் பொதுவாக 54-லிருந்து 58 மி.மீ., அகலம் 42-லிருந்து 48 மி.மீ. வரை இருக்கும். நல்ல எலுமிச்சம்பழம் ஒன்றின் பருமன் அது. எலுமிச்சம்பழத்தை முன் ஜோப்பில் வைத்துக்கொண்டு கோபியிலிருந்து திருப்பூர் வரை உட்கார்ந்து வர முடியுமா? விட்டத்தை 56-லிருந்து 50 ஆக்கி, அகலத்தை 45-லேயே வைத்திருந்தால் உங்கள் தொடைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. விட்டம் 52 இருந்தும் அகலம் 36 என்றால் ஜோப்பில் இருப்பதே மறந்துபோகும். அதனால் விற்பனைப் பக்கத்தில் விட்டத்தை மட்டும் போட்டு அகலத்தைப் போடாத யோயோவை வாங்காதீர்கள்.

அகலத்துக்கு அடுத்தது விளிம்பின் வடிவம். பக்கவாட்டில் பார்த்தால் யோயோக்கள் பல சாயலில் இருக்கும். நடுவிலிருந்து நேராகச் சரிந்து விரியும் வடிவம் ஒன்று. கொஞ்ச தூரம் ஒடுங்கலாக வந்து திடீரென்று படிபோல் ஏறி நிற்கும் வடிவம் ஒன்று. கிண்ணம் மாதிரி வளைந்து உருண்டு முடியும் வடிவம் ஒன்று. படிபோல் ஏறுவது விளிம்பில் எடையைக் குவிக்கும், ஆட்டத்துக்கு நல்லது. ஆனால் அதன் ஓரம் கூர்மை. துணியில் உரசும், உட்கார்ந்தால் உறுத்தும், கையில் வந்து விழும்போதும் வலிக்கும். தினமும் கூடவே வைத்திருப்பதற்கு உருண்டு முடியும் வடிவத்தைத்தான் நான் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தால் எங்கேயும் ஓரம் தட்டக்கூடாது.

இனி 35 மி.மீ. ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

யோயோ கீழே போய் நூலின் நுனியில் நின்று சுற்றுகிறதே, அந்தத் ‘தூக்கம்’ எவ்வளவு நேரம் நீடிக்கும், எவ்வளவு நேராக நிற்கும் என்பதை முடிவு செய்வது எடை மட்டுமல்ல, அந்த எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும்தான். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்பீர்கள். எடையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். இங்கே அதைச் சுழலும் பலம் என்றே சொல்கிறேன். உங்கள் 56 மி.மீ. யோயோ 66 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதே உருவத்தை, அதே அலுமினியத்தில், 35 மி.மீ.க்குச் சுருக்கினால் எடை கனஅளவோடு சேர்ந்து குறைந்து 16 கிராம்தான் மிஞ்சும். சுழலும் பலமோ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பத்தில் ஒரு பங்கு! நூல் பக்கவாட்டில் லேசாக உரசினாலே அது சாய்ந்து நின்றுவிடும். நூலில் ஏற்றி இறக்கும் வித்தையில் இரண்டாவது சுற்றுக்கே உயிர் இருக்காது.

அதையே 48 மி.மீ.க்குச் சுருக்கினால்? அப்படியே சுருக்கினால் எடை 41, 42 கிராம் வரும், சுழலும் பலம் பாதிக்கும் சற்றுக் கீழே. ஆனால் 48 மி.மீ.யில் உலோகத்தைக் கொஞ்சம் தடிமனாக விட்டு எடையைப் பழைய 66 கிராமுக்கே கொண்டுவந்துவிட்டால், பலத்தில் முக்கால் பங்கு கிட்டத்தட்ட மிஞ்சுகிறது. சிறிய யோயோ நல்ல யோயோவாக இருப்பதற்கு இது ஒன்றுதான் வழி: உருவம் குறையலாம், கனம் குறையக்கூடாது. அதனால்தான் 60 கிராமுக்குக் கீழே போகாதீர்கள் என்றேன். கையில் எடுக்கும்போதே, “இத்தனூண்டு சாமானுக்கு இவ்வளவு கனமா?” என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால் அது நல்ல குட்டி யோயோ.

கோவை கணபதியில் எனக்கு லேத் வேலை. ஒரு மழைக்காலத்தில் ஆர்டர் கொஞ்சம் தளர்ந்திருந்தபோது, எனக்கென்று ஒரு குட்டி யோயோவைக் கடைந்தேன். விட்டம் 44 மி.மீ., அகலம் 36. முழுக்க அலுமினியத்தில் செய்த முதல் ஜோடி இறகு போல இருந்தது. கீழே போனது, இரண்டு தரம் ஊசலாடியது, படுத்துக்கொண்டது. மறுநாள் வெளிவிட்டம் 44, உள்விட்டம் 38, கனம் 6 மி.மீ. என்று பித்தளையில் இரண்டு வளையம் எடுத்து, இரண்டு பாதியின் விளிம்பிலும் இறுக்கமாக அடித்து ஏற்றினேன். அதே அளவு வளையம் அலுமினியத்தில் 6 கிராம் சொச்சம்தான் வரும். பித்தளையில் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 20 கிராம் வந்தது. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, பித்தளைக்கு 8.5. மூன்று மடங்குக்கும் மேல். மொத்தம் 65 கிராம் ஆனது. வெளியளவு ஒரு மி.மீ.கூடக் கூடவில்லை.

முதல் வீச்சில் கை நடுங்கும் அளவுக்கு அதிர்ந்தது. தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு பாதி மற்றதைவிட அரை கிராம் கூடுதல். அதுகூடப் பெரிய விஷயமில்லை. வளையம் ஒரு பக்கம் மயிரிழை கோணலாக உட்கார்ந்திருந்ததுதான் காரணம். மறுபடி லேத்தின் சக்கில் பிடித்து, டயல் கேஜ் வைத்துக் கோணல் பார்த்து, முகத்தில் ஒரு வெட்டு எடுத்ததும் அதிர்வு அடங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் பட்டறை வாசலில் நின்று வீசினேன். 44 மி.மீ. சாமான் ஒரு நிமிடத்துக்கும் மேல் நேராக நின்று சுற்றியது. பக்கத்துப் பட்டறை அண்ணன் டீ டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், கடையில் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக. விளிம்பில் எஃகோ பித்தளையோ வளையம் இருக்கிறதா? இருந்தால் 44, 45 மி.மீ. வரைக்கும்கூட இறங்கலாம். வளையம் இல்லாமல் ஒரே அலுமினியத்தில் செய்ததா? அப்படியானால் 48-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. அலுமினியத்தில் 6061, 7075 என்று இரண்டு ரகம் அடிக்கடி காதில் விழும். 7075 உறுதி அதிகம், தரையில் பட்டால் நசுங்கல் குறைவு. எடையில் பெரிய வித்தியாசமில்லை. ஜோப்பு யோயோவுக்காக அந்த ஒரு காரணத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. டைட்டானியத்தின் அடர்த்தி 4.5. சிறிய யோயோவுக்கு அருமையான உலோகம்தான், ஆனால் விலை எங்கேயோ போய்விடும். பிளாஸ்டிக்கில் பாலிகார்பனேட்டுக்கு 1.2தான். குட்டியாக இருந்து முழுப் பிளாஸ்டிக்காகவும் இருந்தால் கனம் எங்கிருந்து வரும்? தேர்த்திருவிழாக் கடைகளில் லைட் எரியும் குட்டி யோயோ தொங்கவிட்டிருப்பார்களே, அதை வாங்கிய குழந்தை பத்து நிமிடத்தில் தூக்கிப் போடுவதற்குக் காரணம் குழந்தைக்குக் கை வரவில்லை என்பதல்ல. அந்த யோயோவுக்குச் சுற்றச் சத்து இல்லை.

35 மி.மீ.யில் இன்னொரு தொல்லையும் உண்டு. சாதாரணமாக எல்லோரும் போடும் பேரிங்கின் வெளிவிட்டம் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். 56 மி.மீ. யோயோவில் பேரிங் ஓரத்திலிருந்து விளிம்பு வரை 21 மி.மீ.க்கு மேல் இடம் இருக்கும். 35 மி.மீ.யில் 11 மி.மீ.தான். ஒரு மீட்டர் நூலை அதற்குள் சுற்றினால் விளிம்பை நெருங்கிவிடும். ஜோப்பிலேயே அவிழ்ந்து சாவியோடு பின்னிக்கொள்ளலாம். நூலைப் பாதியாக வெட்டினால் சரியாகும், ஆனால் அப்புறம் வித்தை செய்ய நீளம் இருக்காது.

“எல்லா வித்தையும் வருமா” என்று கேட்டீர்கள். 48 மி.மீ.யில் உங்களுக்குத் தெரிந்த நூல் வித்தைகள் எல்லாமே வரும். விரித்த நூலில் யோயோவை உட்காரவைக்கும் டிராப்பீஸ், அதிலிருந்து துள்ளவிட்டுப் பிடிக்கும் எலி ஹாப்ஸ், நூலோடு சுற்றிப் புரட்டும் பிரெயின் ட்விஸ்டர் எல்லாம் சுகமாக வரும். ஆனால் நூலில் ஏற்றும்போது குறி தவறினால் பெரிய யோயோ மன்னிக்கும், சின்னது மன்னிக்காது. இரண்டு பாதிக்கும் நடுவே நூலைப் பிடிக்கும் வாய் குறுகல். நீளமான தொடர் வித்தையில் கடைசிப் பகுதிக்கு வரும்போது சுழற்சி களைத்திருக்கும். விரல் நுனியில் படுக்கவைத்துச் சுற்றும் வித்தைக்கு முகத்தில் அகலமான குழி வேண்டும், குட்டி யோயோக்களில் பெரும்பாலும் அது இருக்காது. நூலோடு கட்டாமல் தனியாகப் பறக்கவிடும் ஆட்டத்துக்கு இது ஆகாது, அதற்குப் பெரிய சைஸ்தான். இன்னொரு பக்கம் பார்த்தால், ஒரு மாதம் சின்னதில் பழகிவிட்டு உங்கள் 56-ஐக் கையில் எடுங்கள். நூல் தானாகவே வாய்க்குள் போய் விழுவது போல இருக்கும். என்னிடம் பழகிய பையன்கள் எல்லோரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது 50 மி.மீ. என்றால் ‘குட்டி’ என்கிறோம். இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் பார்த்தால், போட்டியில் ஆடிய நல்ல நல்ல உலோக யோயோக்களே சுமார் 50 மி.மீ.தான் இருந்தன. யோயோஃபேக்டரி கம்பெனியின் 888 அந்த அளவுதான், அதை வைத்து மேடையேறியவர்கள் நிறைய. அப்புறம் வித்தைகள் நீண்டுகொண்டே போனதும் யோயோவும் அகன்றது. அதனால் பழைய உலோக யோயோவை யாராவது கைமாற்றுவதாகச் சொன்னால் விடாதீர்கள். ஜோப்புக்கு அளவெடுத்தது போல இருக்கும். அதே கம்பெனியின் பாப்ஸ்டார் என்பது இன்னும் சிறியது, குட்டி உலோக யோயோக்களில் பெயர் பெற்றது. கையில் அமர்ந்தால் இறக்கி வைக்க மனம் வராது, ஆனால் அதில் ஆடுவதற்குக் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். முதல் ஜோப்பு யோயோவாக 50-ஐ ஒட்டியதை வாங்கி, இரண்டாவதாக அந்தப் பக்கம் போகலாம்.

அடுத்து, சுண்டினால் திரும்பி வருவதா, வராததா என்ற கேள்வி. உங்களிடம் இருக்கும் 56 மி.மீ. பெரும்பாலும் சுண்டினால் வராத ரகமாக இருக்கும். நூலை மடித்து வாய்க்குள் ஊட்டி ‘பைண்டு’ போட்டால்தான் ஏறி வரும். ஜோப்பு யோயோவுக்கு நான் சுண்டினால் வரும் ரகத்தையே முதலில் சொல்வேன். ஷிஃப்ட் நடுவில் டீ குடிக்கப் பத்து நிமிடம் கிடைக்கிறது, பஸ் ஸ்டாண்டில் வண்டி வர ஐந்து நிமிடம் இருக்கிறது. அந்த நேரத்தில் நாலு வீச்சு, நூலில் தொட்டில் கட்டி ஒரு ஆட்டு, தரையில் ஓடவிட்டு ஒரு நாய் நடை, திரும்பக் கைக்கு. இதற்குப் பைண்டு எதற்கு? சின்ன யோயோவில் பைண்டு போடுவதும் கொஞ்சம் சிரமம்தான். நூல் வாய்க்குள் பிடித்துக்கொள்ளும் இடம் குறைவு, சில சமயம் பிடி நழுவிக் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். உங்களுக்கு நூல் வித்தைதான் உயிர் என்றால் வராத ரகத்தை வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். பேரிங்கை மாற்றிப்போட்டால் இரண்டு விதமாகவும் ஆடக்கூடிய யோயோக்களும் இருக்கின்றன. குறுகலான பேரிங் போட்டால் சுண்டினால் வரும், அகலமானது போட்டால் வராது. இரண்டும் பெட்டியிலேயே வந்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

பேரிங்கே இல்லாத கட்டை யோயோவையும் ஒதுக்கிவிடாதீர்கள். யோயோ உலகத்துக்குப் பரவியதே அப்படித்தான். பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்கா போன பெட்ரோ ஃபுளோரஸ் என்பவர் 1928-ல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் யோயோ செய்து விற்க ஆரம்பித்தார். நூலை அச்சில் முடிச்சுப் போட்டுக் கட்டாமல், அச்சைச் சுற்றி ஒரு கண்ணியாக விட்டதுதான் அதன் சூட்சுமம். அதனால்தான் யோயோ கீழே போய்த் தூங்கியது. அந்தத் தொழிலைத்தான் டொனால்ட் டங்கன் வாங்கிப் பெரிதாக்கினார். மர அச்சு யோயோ பத்துப் பதினைந்து விநாடி தூங்கினாலே பெரிது. ஆனால் தட்டையாக இருக்கும், தூசு போனாலும் கவலையில்லை, கீழே விழுந்தாலும் அழ வேண்டியதில்லை. நம் ஊர்க் கடைசல் பட்டறையில் கட்டில் கால் கடைபவரிடம் படம் வரைந்து கொடுத்தால் செய்து தருவார். கனமான, வைரம் பாய்ந்த கட்டையாகக் கேளுங்கள், பம்பரத்துக்குக் கட்டை பார்ப்பது போல. ஒரே ஒரு எச்சரிக்கை: அதற்குப் பருத்தி நூல்தான் போட வேண்டும். பாலியஸ்டர் போட்டால் அச்சில் உரசும் சூட்டில் இளகி அறுந்துவிடும், யோயோ யார் மேலாவது போய் விழும்.

பேரிங், நூல் நம் பக்கம் கிடைக்குமா என்றால், மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்குச் சுலபம். யோயோவில் பரவலாக இருக்கும் பேரிங்கின் உள்விட்டம் 6.35, வெளிவிட்டம் 12.7, அகலம் 4.76 மி.மீ. பேரிங் கடையில் ஆர்188 என்று கேளுங்கள். விரலில் வைத்துச் சுற்றும் ஸ்பின்னர் ஒரு காலத்தில் பையன்கள் கையிலெல்லாம் இருந்ததே, அதில் சில ரகங்களில் போட்டதும் இதே ஆர்188தான். ஆர்188-லேயே அகலம் குறைந்த ரகமும் உண்டு, அதனால் வெர்னியரில் அளந்து வாங்குங்கள். அச்சாக இருக்கும் தலையில்லாத திருகு இப்போதைய யோயோக்களில் பெரும்பாலும் எம்4. மரை போய்விட்டால் கோவையில் எந்த போல்ட் நட் கடையிலும் எம்4 கிரப் ஸ்க்ரூ கிடைக்கும். பழைய அமெரிக்க யோயோக்களில் அங்குலக் கணக்குத் திருகு இருக்கும், அதில் எம்4-ஐப் போட்டுத் திருக வேண்டாம், உடம்பில் இருக்கும் மரையே போய்விடும். சுண்டும்போது நூலைப் பிடித்துக்கொடுக்கும் சிலிகான் வளையம் தேய்ந்தால் புதுசு தேடி அலைய வேண்டாம். பைக் மெக்கானிக் இன்ஜின் மூடிக்குத் தடவும் சிவப்பு கேஸ்கெட் சிலிகானைப் பள்ளத்தில் நிரப்பி, பழைய ஏடிஎம் கார்டால் மட்டமாக வழித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் முடிந்தது.

நூல் விஷயத்தில் திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? பேரிங் யோயோவுக்குப் பாலியஸ்டர் நூல் நல்லது. தையல் பாலியஸ்டர் நூலைப் பல இழையாகச் சேர்த்து, ஒரு நுனியை ஆணியில் மாட்டி, மறு நுனியைக் கை ட்ரில்லில் பிடித்து இறுக முறுக்கி, பாதியில் மடித்துவிட்டால் அதுவே எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டு யோயோ நூலாகிவிடும். மடிந்த இடத்தில் வரும் கண்ணியில்தான் யோயோ உட்காரும். இழையைக் கூட்டிக் குறைத்து இரண்டு மூன்று தரம் பார்த்தால் உங்கள் யோயோவின் வாய்க்கு ஏற்ற தடிமன் பிடிபடும். சின்ன யோயோவுக்குக் கொஞ்சம் மெல்லிய நூலாக இருக்கட்டும். நீளத்துக்குப் பழைய கணக்கு: யோயோவைத் தரையில் விட்டு நூலை மேலே இழுத்தால் தொப்புள் வரை. குட்டி யோயோவுக்கு அதிலும் நாலு விரல் குறைத்துக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டு மாதிரி நெருக்கமான இடத்தில் நீள நூல் ஆபத்து.

எனக்கு நேர்ந்த ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் ஒரு கடையில் அகலம் 36 என்று போட்டிருந்ததை நம்பி ஒரு குட்டி யோயோ வாங்கினேன். வந்ததும் வெர்னியர் வைத்தால் 41. விசாரித்தால், முகத்தில் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் மூக்கை விட்டுவிட்டு விளிம்புக்கு விளிம்பு அளந்திருக்கிறார்கள். ஜோப்பில் உறுத்தியது அந்த மூக்குதான். ஆகவே படத்தில் பக்கவாட்டுத் தோற்றத்தைப் பாருங்கள். நடுப்பகுதி விளிம்பைவிட வெளியே வந்திருந்தால் அந்தக் கூர்நுனியிலிருந்து நுனிக்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இனி ஜோப்புக்குள் நடப்பது. சாவி, சில்லறை இருக்கும் ஜோப்பில் யோயோவைப் போடாதீர்கள். சாவி பட்டு விளிம்பில் ஒரு சிறு பிசிறு கிளம்பினால் போதும், நூலை மெல்ல மெல்ல அரித்துவிடும், விரலையும் கீறும். பிசிறு வந்தால் 600 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அப்புறம் 1000 நம்பரில் முடியுங்கள். சட்டை ஜோப்பும் வேண்டாம். 60 கிராம் உலோகம், குனிந்தால் நேராகத் தரையில்தான் விழும். பேண்ட்டின் முன் ஜோப்புதான் சரி, அதுவும் மொபைல் இல்லாத பக்கம்.

உங்கள் வேலையில் பெரிய எதிரி பஞ்சு. பனியன் கம்பெனியில் நாள் முழுக்க இருந்தால் ஜோப்பின் மூலையில் பஞ்சு சுருண்டு உட்கார்ந்திருக்கும். அது நூலோடு ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போய், பேரிங் ஓரத்தில் மோதிரம் மாதிரிச் சுற்றிக்கொள்ளும். சுண்டினால் வராத யோயோ திடீரென்று பாதி வழியில் ஏறி வந்து கணுவில் அடிக்கிறது என்றால், பத்தில் எட்டு முறை இதுதான். அவிநாசியில் இருக்கும் ஒரு பையன் பேரிங் கெட்டுவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தால் பேரிங்கைச் சுற்றி வெள்ளையும் நீலமுமாக ஒரு பஞ்சு வளையம், முழுசாக ஒரு சுற்று. குண்டூசியால் கிளப்பி இழுத்ததும் பாம்புச் சட்டை போல முழுசாக வந்தது. பேரிங்குக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அதற்கு ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள். கட்டிங் வேஸ்ட் துணியில் சுருக்குக் கயிறு வைத்துத் தைத்தால் போதும், உங்கள் லைனில் டெய்லர் அக்காவிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. பஞ்சு விடாத மழமழப்பான துணியாக இருக்கட்டும், உள்ளே பிரஷ் செய்த துணி வேண்டாம். பேரிங்கைக் கழுவ வேண்டி வந்தால் மேல் மூடியை எடுத்துவிட்டு, தின்னரில் ஒரு நிமிடம் போட்டுக் குலுக்கி, காகிதத்தின் மேல் உருட்டிக் காயவிடுங்கள். அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. காய்ந்ததும் ஒரே ஒரு புள்ளி தையல் மெஷின் எண்ணெய், அதுவும் குண்டூசி நுனியில் தொட்டு. துளி கூடினால் சுண்டாத யோயோ சுண்ட ஆரம்பிக்கும். சுண்டும் யோயோவுக்கு அது நல்லதுதான், இன்னொரு புள்ளி விடலாம்.

ஜோப்பில் போடும் முன் நூலை முழுக்கச் சுற்றி, விரல் மாட்டும் கண்ணியைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகிவிடுங்கள். பை இருந்தால் அவிழாது.

ஆடும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடும் பஸ்ஸில் வேண்டவே வேண்டாம். 65 கிராம் பித்தளை விளிம்பு பக்கத்து சீட்டுப் பாட்டி முகத்துக்கு எதிரே போவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பஸ் ஸ்டாண்டிலும் சுவர் ஓரமாக, பின்னால் குழந்தைகள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வீசுங்கள். கனமான குட்டி யோயோ கைக்கு வரும்போது பெரியதைவிட அதிகமாக வலிக்கும், ஏனென்றால் அந்த வேகம் முழுவதும் சின்ன இடத்தில் விழுகிறது. முதல் வாரம் மெதுவாக வீசுங்கள். ஆடி மாதக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும்போது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வெளியே நின்று நூல் வித்தை செய்யவே முடியாது, நூல் கண்ணி எல்லாம் பறந்துபோகும். அப்போது குட்டியும் கனமுமான யோயோதான் கொஞ்சமாவது சொன்ன பேச்சைக் கேட்கும். மேலே வீசி கீழே வாங்கும் எளிய ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கம்பெனியில் கார்ட்டன் அட்டைக்குப் பஞ்சமில்லை. 38 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, 48 மி.மீ. விட்டம் வரும்வரை இறுக்கமாகச் சுருட்டி டேப் ஒட்டுங்கள். நீங்கள் வாங்கப்போகும் யோயோவின் பருமன் அது. அதை முன் ஜோப்பில் போட்டுக்கொண்டு மூன்று நாள் கோபிக்கும் திருப்பூருக்கும் போய் வாருங்கள். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தும், கூட்டத்தில் நின்றும் பாருங்கள். உறுத்தினால் பிரித்து, பட்டையின் அகலத்தில் 2 மி.மீ. வெட்டிவிட்டு மறுபடி சுருட்டுங்கள். எந்த அகலத்தில் அது ஜோப்பில் இருப்பதே தெரியவில்லையோ அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் யோயோக்களில் எடை 60-க்கு மேல் இருப்பதைத் தேடுங்கள். இரண்டு மூன்று கண்ணில் பட்டால் அளவுகளை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே பார்த்து எடுப்போம்.